புகை இல்லை, ஆவிதானே?

எங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்காகச் சேரும் ஒவ்வொருவரிடமும், ‘புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?’ என்று சேர்க்கைப் படிவத்தில் கேட்கிறோம். சில மாதங்களுக்கு முன், கால் எலும்பு முறிவுக்காகச் சேர்ந்த ஒருவர் ‘இல்லை’ என்று பதிலளித்தார். சிகரெட்டை அடியோடு விட்டு ஓராண்டு ஆகிறது என்றார். அவர் சொன்னது பொய்யன்று. ஆயினும் அன்று மாலை அவருடைய பையில் பேனாவைப் போன்ற ஒரு கருவி இருப்பதைச் செவிலியர் கண்டார். வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் வாங்கித் தந்த மின் சிகரெட் அது. உடனிருந்த மனைவி, “அதில் புகையே வராதம்மா, வெறும் ஆவிதான். சிகரெட்டை விட்டதே அதனால்தான்” என்றார். கல்லூரியில் படிக்கும் மகனும் அதை இரண்டொரு முறை இழுத்துப் பார்த்திருக்கிறான் என்பதையும், ஆவிதானே என்று தாங்கள் தடுக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

தந்தை முப்பது ஆண்டு புகைபிடித்தவர். மகன் புகைபிடித்தே அறியாதவன். இருவருக்கும் ‘ஆவிதானே’ என்ற ஒரே சமாதானத்தை அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டது. அச்சமாதானத்தில் தந்தையைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை உண்டு. மகனைப் பொறுத்தவரை அதில் ஏதுமில்லை. இந்த வேறுபாட்டை நோயாளிகளும் உடனிருப்போரும் உணர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இக்கருவியின் செயல்பாடு எளிது. மின்கலம் ஒரு சிறு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் புரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், நறுமணப் பொருள்கள், பெரும்பாலும் நிகோட்டின் ஆகியவை கலந்த திரவம் நுண்துளிகளாகி நுரையீரலுக்குள் செல்கிறது. ஆகவே ‘ஆவி’ என்ற சொல், இட்லிப் பானையின் நீராவியை நினைவூட்டி நம்மை ஏமாற்றுகிறது. உள்ளே செல்வது நீராவியன்று. அதில் நிகோட்டினும், சூட்டினால் உருவாகும் பார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் பொருள்களும், கம்பிச்சுருளிலிருந்து வரும் உலோகத் துகள்களும் இருக்கக்கூடும்.

அப்படியானால் தந்தையைப் பொறுத்தவரை உண்மை எது? புகையிலை எரியும்போது 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை. மின் சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. எனவே சிகரெட்டை முழுவதுமாகக் கைவிட்டு இதற்கு மாறியவரின் உடலில் சேரும் நச்சுப்பொருள்களின் அளவு குறைகிறது. இதை மறைப்பது நேர்மையாகாது. பிரிட்டனில் 886 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மின் சிகரெட்டின் துணையுடன் முயன்றவர்களுள் 18 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் சிகரெட்டைத் தொடவில்லை. நிகோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களுள் அவ்வாறு விட்டவர்கள் 9.9 விழுக்காட்டினரே. அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை, சிகரெட்டை விட விரும்பும் பெரியவர்களுக்கு இதை ஒரு வழியாகவே எடுத்துரைக்கிறது. ஆயினும் அங்கு 2024இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், புகைபிடிப்போருள் பாதிப் பேர் மின் சிகரெட்டும் சிகரெட்டைப் போன்றோ அதைவிடக் கூடுதலாகவோ கெடுதல் என்றே கருதினர். ‘இரண்டும் ஒன்றுதான், பிறகு ஏன் விட வேண்டும்’ என்று சிகரெட்டிலேயே நிலைத்துவிடுவது இத்தகைய எண்ணத்தின் விளைவு.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மின் சிகரெட்டின் துணையால் சிகரெட்டை விட்டவர்களுள் 80 விழுக்காட்டினர், ஓராண்டு முடிந்த பின்னும் மின் சிகரெட்டை விடவில்லை. சூயிங்கம், பட்டை வகையினருள் அவற்றைத் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. சிகரெட் போயிற்று, நிகோட்டின் போகவில்லை. சிகரெட்டையும் விடாமல் இதையும் சேர்த்துக்கொள்பவர்களின் நிலை இன்னும் மோசம். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற இதயநோய் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி அவருக்கும் வந்துவிடுகிறது. ஆகவே ‘குறைத்துவிட்டேன்’ என்பது ‘விட்டுவிட்டேன்’ என்பதாகாது.

இனி மகனைப் பார்ப்போம். தந்தை ஒப்பிடுவது சிகரெட்டோடு. மகன் ஒப்பிட வேண்டியது சுத்தமான காற்றோடு. சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்பதால், புகைபிடிக்காதவருக்கு ஒரு நன்மையும் இல்லை. அவருக்கு அது புதிதாகத் தேடிக்கொள்ளும் தீங்கு மட்டுமே. அமெரிக்காவில் 2019இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுள் 27.5 விழுக்காட்டினர் மின் சிகரெட்டைப் பயன்படுத்தி வந்தனர். பழச்சுவையும் புதினாச் சுவையும் இவர்களை ஈர்த்தவை. வளரும் மூளை நிகோட்டினுக்கு எளிதில் அடிமையாகும். கவனமும் கற்றலும் பாதிக்கப்படும். பெரியவர் ஒருவர் சிகரெட்டிலிருந்து வெளியேறப் பயன்படும் அதே கதவு, பிள்ளைகளுக்கு உள்ளே நுழையும் வாயிலாகிவிடுகிறது.

இந்தியாவில் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவை 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2018இல் தடை விதித்தது. இத்தடையால் புகைபிடிப்போர் ஒரு வழியை இழந்தனர் என்று வாதிடுவோர் உண்டு. சிகரெட்டும் பீடியும் எல்லாத் தெருமுனைகளிலும் தாராளமாகக் கிடைக்கும்போது இதை மட்டும் தடுப்பது முரண் என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனினும் நோயாளிகளின் நலனை நோக்கும் எங்களுக்கு வேறொரு கவலை முதன்மையானது. இங்கு கைக்குக் கிடைக்கும் கருவிகள் யாவும் கள்ளத்தனமாக வருபவை. அந்தத் திரவத்தில் நிகோட்டின் எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 2019 முதல் 2020 தொடக்கம் வரை 2,807 பேர் கடும் நுரையீரல் பாதிப்புக்கு உள்ளாயினர். 68 பேர் உயிரிழந்தனர். முறையற்ற வழிகளில் வாங்கிய, கஞ்சாச் சாறு கலந்த திரவங்களும் அவற்றில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப் பொருளுமே அதற்கு முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டன. சோதிக்கப்படாத திரவம் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று.

மருத்துவமனைக்குள் இச்செய்தி ஏன் முக்கியம்? நிகோட்டின் எவ்வழியில் வந்தாலும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. புண் ஆறுவதும் எலும்பு கூடுவதும் தாமதமாகலாம். மயக்கமருந்து நிபுணர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம். ஆக்சிஜன் செலுத்தப்படும் படுக்கைக்கு அருகில் இக்கருவியைப் பயன்படுத்தினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. வீட்டிலோ, அந்தத் திரவத்தைச் சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது: மருத்துவரிடமும் செவிலியரிடமும் மறைக்காதீர்கள். சட்டத்துக்கு அஞ்சியோ வெட்கப்பட்டோ பலர் சொல்வதில்லை. நாங்கள் கேட்பது சிகிச்சைக்காக மட்டுமே.

இரண்டாவது: இதனால் சிகரெட்டை விட்டவர், அஞ்சிச் சிகரெட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம், நிகோட்டினையும் விடுவதே அடுத்த படி. அதற்குச் சட்டப்படி கிடைக்கும் வழிகள் உள்ளன. நிகோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாயைப் போல் மெல்லாமல், மெதுவாக மென்று, காரச் சுவை எழுந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் அடக்கிவைக்க வேண்டும். அதற்குக் கால்மணி நேரம் முன்பு காபி அருந்தியிருந்தால் பலன் குறையும். மருத்துவர் பரிந்துரைக்கும் மாத்திரைகளும் உண்டு. இதயநோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே எதையும் தொடங்க வேண்டும். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில், புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி கிடைக்கிறது. ஏக்கம் எழும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும்; அந்த நிமிடங்களில் உடனிருப்போரின் பேச்சும் ஒரு குவளைத் தண்ணீரும் பெருந்துணை.

மூன்றாவது, வீட்டாருக்கு: விட முயல்பவரை ஏளனம் செய்யாதீர்கள். பிள்ளைகளிடம் ‘ஆவிதானே’ என்று சொல்லாதீர்கள்.

பிழை நோயாளியிடம் மட்டுமன்று, எங்களிடமும் இருந்தது. புகையைப் பற்றி மட்டுமே கேட்டோம். அவர் புகையைப் பற்றி மட்டுமே பதில் சொன்னார். எனவே இனி எங்கள் படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கும்: ‘புகையிலை, மின் சிகரெட் உட்பட எவ்வகையிலேனும் நிகோட்டின் பயன்படுத்துகிறீர்களா?’ அதற்கு ‘ஆம்’ என்று பதில் சொல்பவரை எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்று உறுதியளிக்கிறோம்.