ராணுவ ஃபைலில் ‘ஐ’யும் இல்லை, ‘ஓ’வும் இல்லை!

அமெரிக்க ராணுவத்தில் போர் உத்தரவு சுருக்கமாக இருக்கும்; அதன் இணைப்புகளோ கட்டுக்கட்டாக வரும். அவை குழம்பாமலிருக்க எளிய வழி வைத்திருக்கிறார்கள். முதல்நிலை இணைப்புக்கு ஆங்கில எழுத்து; அதற்குள் வருவதற்கு எண்; அதற்கும் உள்ளே மறுபடி எழுத்து.

‘பி’ என்றால் உளவுத் தகவல். ‘எஃப்’ என்றால் உணவு, எரிபொருள், சிகிச்சை போன்ற ஏற்பாடுகள். ‘ஐ’, ‘ஓ’ மட்டும் கிடையாது. பார்த்தால் 1, 0 போலத் தெரியுமே!

எந்த இணைப்பின் கீழ், எந்த உத்தரவைச் சேர்ந்தது என்பதும் தலைப்பிலேயே இருக்கும். கட்டிலிருந்து கழன்று விழுந்தாலும் தன் விலாசத்தைச் சொல்லிவிடும். காயம்பட்டவரை எங்கே கொண்டுபோவது என்று பதறும் நேரத்தில், புரட்டித் தேட யாருக்கு அவகாசம்?

வீட்டில் பத்திரம், இன்ஷூரன்ஸ், மருத்துவச் சீட்டு எல்லாம் ஒரே பையில்தானே கிடக்கின்றன?