உணவுக் குறிப்பேடு யாரிடம் இருக்க வேண்டும்?

காலையில் இரண்டு இட்லி, நண்பகலில் ஒரு கிண்ணம் சோறு, மாலையில் சர்க்கரையில்லாத காபி, இரவில் கோதுமை தோசை என்று அன்றாடம் உண்பதைத் திறன்பேசிச் செயலியில் பதிந்து வைக்கும் பழக்கம் நம் நகரங்களில் வேரூன்றிவிட்டது. இதை இளைஞர்களின் உடற்பயிற்சி மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயாளிகள் என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாசலில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. மருத்துவர் "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது நினைவை நம்பிச் சொல்லும் விடையைவிட, எழுதி வைத்த கணக்கு பயனுள்ளது. அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உணவுக் கணக்கின் மதிப்பைப் பொருளியல் பயின்றவர்கள் எளிதில் உணர்வார்கள். ஒரு குடும்பம் எதை, எவ்வளவு உண்கிறது என்று அறிவதற்காக தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் களப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மணிக்கணக்கில் அமர்ந்து, கெஞ்சாத குறையாகக் கேட்டுக் குறித்து வருகிறார்கள். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவினக் கணக்கெடுப்பில் இவ்வாறு 2.6 லட்சம் குடும்பங்கள் விடையளித்தன. 2011-12-க்குப் பிறகு நாட்டுக்குக் கிடைத்த முதல் நுகர்வுக் கணக்கு அதுதான். அரசு பெரும்பாடு பட்டுப் பெறும் இதே விவரத்தை, அதைவிட நுணுக்கமாக, வேளைவாரியாக, தங்கள் எடையையும் வயதையும் சேர்த்து மக்கள் தாமாகவே ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள். ரமலான் நோன்பு, ஏகாதசி விரதம், கருவுற்ற முதல் மாதங்களின் மாறுபட்ட உணவு, வார இறுதியின் மது, மாதக் கடைசியின் சிக்கனம் ஆகிய அனைத்தையும் அந்தப் பதிவிலிருந்து படித்துவிடலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடன் கொடுப்பவருக்கும் இதைவிடச் சுவையான வாசிப்பு வேறென்ன இருக்க முடியும்?

மைஃபிட்னஸ்பால் என்ற அமெரிக்கச் செயலியின் வரலாறு இத்துறைக்கு நல்ல பாடம். 2005-இல் தொடங்கப்பட்ட அதை, 2015-இல் அண்டர் ஆர்மர் என்னும் விளையாட்டு ஆடை நிறுவனம் 47.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஆடை விற்பவருக்கு உணவுக் குறிப்பேடு எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். 2018-இல் சுமார் 15 கோடிப் பயனர்களின் பெயர், மின்னஞ்சல், மறையாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொல் ஆகியவை களவுபோயின. களவுபோனவை என்று நிறுவனம் அறிவித்த பட்டியலில் உணவுக் குறிப்புகள் இல்லை என்பது ஓர் ஆறுதல். 2020-இல் அண்டர் ஆர்மர் அந்தச் செயலியை 34.5 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றது. 2022-இல், பொட்டலத்தின் பார்கோடைக் காட்டி உணவைப் பதியும் வசதி கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்றானது.

அந்தச் செயலியின் உணவுப் பட்டியலில் பெரும்பகுதி, பயனர்கள் ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றிச் சேர்த்துக் கொடுத்தது. உழைப்பு அவர்களுடையது, கதவும் பூட்டும் வேறொருவருடையவை. பத்தாண்டுக் குறிப்புகளை விட்டுவிட்டு வேறு செயலிக்கு மாறுவதற்கு மனம் வராது என்பதை விலை நிர்ணயிப்பவர் நன்கறிவார். நிறுவனம் நொடித்துப்போனால் நிலைமை இன்னும் மோசம். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ திவால் மனு அளித்தபோது, சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் மரபணு விவரங்கள் ஏலத்துக்குரிய சொத்தாகப் பேசப்பட்டன.

இதற்கு மாற்றாக, கட்டற்ற மென்பொருள் உலகில் வேறொரு வழி வளர்ந்து வருகிறது. செயலியை நாமே நம் வீட்டுக் கணினியில் நிறுவிக்கொள்வது அவ்வழி. சட்டைப்பையில் அடங்கும் சிறு கணினியோ, ஓரங்கட்டப்பட்ட பழைய மடிக்கணினியோ சர்வராகப் போதும். திறன்பேசியில் பதிவது நேரே அங்கு சென்று சேரும். வேறெவர் கைக்கும் போகாது. உடற்பயிற்சி, எடை, உணவு ஆகியவற்றைப் பதிவதற்கான 'வேகர்' இவ்வகையில் அறியப்பட்ட ஒன்று. பொட்டல உணவுகளின் விவரத்தை இத்தகைய செயலிகள், 2012-இல் பிரான்சில் தொடங்கித் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' என்ற திறந்த தரவுத்தளத்திலிருந்து பெறுகின்றன. நிரலும் இலவசம், தரவும் இலவசம். தகவல் தொழில்நுட்பம் பயின்ற இளைஞர்கள் பலர் இத்துடன் சிக்கல் தீர்ந்தது என்றே கருதுகிறார்கள்.

தீரவில்லை. என்னிடம் பொருளியல் பயின்று பின்னர் மென்பொருள் துறைக்குச் சென்றுவிட்ட மாணவர் ஒருவர், நீரிழிவு உள்ள தம் தாயாருக்காக இப்படியொரு செயலியை வீட்டில் நிறுவினார். செய்தி பரவியது. அக்காள் குடும்பம், மாமியார், எதிர்வீட்டுத் தம்பதியர் என்று சில மாதங்களில் ஒன்பது பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். கடவுச்சொல் மறந்துபோனது, மின்வெட்டுக்குப் பின் கணினி எழவில்லை, கம்பங்கூழ் பட்டியலில் இல்லை என்று ஒவ்வொரு நாளும் ஓர் அழைப்பு. ஒருநாள் தரவுத்தள மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது, அது பழைய கோப்புகளைத் திறக்க மறுத்துவிட்டது. இரவெல்லாம் விழித்துக் காப்புநகலிலிருந்து மீட்டார். ஆயினும் மூன்று நாள் பதிவுகள் மீளவில்லை. "பேசாம ஒரு நோட்டுல எழுதிக்கறேன்டா" என்றாராம் தாயார். வாரத்துக்கு நான்கு மணி நேரம் இதற்கே போகிறது என்றும், தம் ஊதிய விகிதத்தில் கணக்கிட்டால் ஒன்பது பேருக்கும் வணிகச் செயலியின் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிடலாம் என்றும் அவர் சொன்னபோது, வாய்ப்புச் செலவு பற்றிய என் வகுப்பை அவர் மறக்கவில்லை என்று மகிழ்ந்தேன். அவர் அதை நிறுத்திவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பொதுப்பண்டத்துக்குக் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வது வகுப்பறை மரபு. ஒரு கப்பல் அதன் ஒளியைப் பயன்படுத்துவதால் மற்றொரு கப்பலுக்கு ஒளி குறைவதில்லை. கட்டற்ற மென்பொருளின் நிரலும் அப்படியே. கோடிப் பேர் படியெடுத்தாலும் தேயாது. ஆனால் அதைப் பராமரிப்பவரின் நேரம் அவ்வாறன்று. ஒருவருக்கு விடையளிக்கும் அரை மணி நேரம் இன்னொருவருக்குக் கிடைக்காது. பயனர் பெருகப் பெருக நிரல் செழிக்கிறது, பராமரிப்பவர் வாடுகிறார். இலவசம் என்ற சொல் இந்த இரண்டாவது பொருளின் விலையை மறைத்துவிடுகிறது.

நம் ஏரிகளின் கதையும் இதுதான். ஏரியை வெட்டியவர் பெயரைக் கல்வெட்டு சொல்லும். ஆண்டுதோறும் வண்டல் எடுத்து, கரை பலப்படுத்தி, மதகைச் சீர்செய்தவர்களின் பெயர் எங்கும் இருக்காது. குடிமராமத்து என்ற அந்தப் பொது உழைப்பு வழக்கத்தைக் காப்பாற்ற 1858-இலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் வேண்டும் என்போர் அனைவரும் மண்வெட்டியுடன் வருவதில்லை என்பதை அன்றைய நிர்வாகமும் கண்டிருந்தது.

மென்பொருள் உலகில் கரை உடைந்த நிகழ்வுகள் உண்டு. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பாதுகாப்பு மென்பொருளில் 2014-இல் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை கண்டறியப்பட்டபோது, அத்திட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்துவந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்தான் என்ற செய்தி வெளியாகி வியப்பளித்தது. 2024 மார்ச்சில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளைத் தனியொருவராகப் பராமரித்துக் களைத்துப் போயிருந்தவரிடம், உதவ வந்தவர்போல் ஒருவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பழகி, நம்பிக்கை பெற்று, உள்ளே ஒரு கள்ளக் கதவைப் பொருத்திவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு துருவியதால் அது வெளிப்பட்டது. இல்லையேல் உலகின் எண்ணற்ற சர்வர்களில் அது குடியேறியிருக்கும்.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பரவலாகப் பயன்படும் திறந்த மென்பொருள்களை ஒருமுறை புதிதாக எழுத 415 கோடி டாலர் போதும். ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தாமே எழுதிக்கொள்ள நேர்ந்தால் 8.8 லட்சம் கோடி டாலர் ஆகும். இந்த மதிப்பில் 96 விழுக்காடு, வெறும் 5 விழுக்காடு நிரலாளர்களின் உழைப்பால் உருவானது. ஒரு சிலரின் தோள்மேல் இவ்வளவு பாரம்.

ஆகவே, "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்பது மட்டும் நல்ல அறிவுரை ஆகாது. புதுப்பிக்கப்படாத வீட்டு சர்வர், பெருநிறுவனத்தின் சர்வரைவிடப் பாதுகாப்பற்றது. நிறுவனத்தில் திருட்டு நடந்தால் 15 கோடிப் பேர் பாதிக்கப்படுகிறார்கள், வீட்டில் நடந்தால் ஒரு குடும்பம்தான் என்ற வேறுபாடு உண்மைதான். அந்த ஒரு குடும்பத்துக்கு அது ஆறுதலாகாது.

பராமரிப்புக்கு அடுத்த இடையூறு, நம் உணவைப் பற்றிய தரவு. வத்தக்குழம்புக்குப் பார்கோடு கிடையாது. செயலியில் 'இட்லி' என்று தேடினால், யார் யாரோ பதிந்த வெவ்வேறு கலோரிக் கணக்குகள் வரிசையாக வந்து நிற்கும். எந்த இட்லி, எவ்வளவு பெரியது, புழுங்கலரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு என்பது எவருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் உணவுச் சத்துக் கணக்கில் நாம் பின்தங்கிய நாடல்ல. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது. குன்னூரில் இருந்தபோதே, 1937-இல், டபிள்யூ.ஆர்.அய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். நீலகிரியில் ஒரு சிறு கட்டடத்திலிருந்து நாடு முழுவதற்குமான அட்டவணை வெளிவந்தது. அந்த மரபில் வந்த 2017 அட்டவணை, நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரிகள் திரட்டி 528 உணவுப் பொருள்களின் சத்துகளை ஆய்வகத்தில் அளந்து தருகிறது. பெரும் அறிவியல் உழைப்பு அது.

ஆனால், அது பெரும்பாலும் சமைக்காத பொருள்களின் அட்டவணை. வெளிவந்ததும் நூல் வடிவில். சமைத்த உணவுகளுக்கான கணக்கை ஆய்வாளர்கள் சிலர் அண்மைக் காலத்தில்தான் தொகுக்கத் தொடங்கியுள்ளனர். அமெரிக்க வேளாண் துறை தன் உணவுத் தரவு முழுவதையும், கணினி நேரடியாகப் படிக்கும் வடிவில், உரிமத் தடை ஏதுமின்றி வெளியிடுகிறது. அதன் விளைவைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் ஓர் இளைஞர் உணவுச் செயலி உருவாக்க முனைந்தால், பாதாம் வெண்ணெய்க்கான துல்லியமான கணக்கு அவருக்கு நொடியில் கிடைக்கிறது, குதிரைவாலிப் பொங்கலுக்கு அவர் அலைய வேண்டியிருக்கிறது. வரிப்பணத்தில் அளந்த எண்கள் எவரும் எடுத்தாளும் தெளிவான உரிமத்தோடு வெளிவர வேண்டும். இதற்குப் புதிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை. ஒரு முடிவு போதும்.

பராமரிப்புச் செலவுக்கும் முன்மாதிரி உண்டு. ஜெர்மனி அரசு 2022-இல் 'சாவரின் டெக் ஃபண்ட்' என்ற நிதியத்தை நிறுவி, புதியன படைப்பதற்கன்றி, பலரும் சார்ந்திருக்கும் திறந்த மென்பொருள்களைப் பேணுவதற்கே பணம் தருகிறது. நம் அரசுகள் போட்டி நடத்திப் புதுச் செயலிக்குப் பரிசளிப்பதில் காட்டும் ஆர்வத்தில் சிறு பங்கைப் பழைய செயலியின் மூன்றாம் ஆண்டுப் பராமரிப்பில் காட்டலாம். திறப்பு விழாவுக்கு வரும் கூட்டம் தூர்வாரலுக்கு வருவதில்லை.

இன்னொன்று, வீடு என்ற அலகே இப்பணிக்கு மிகச் சிறியது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும் கிராமத்துப் பெண்மணியைச் சர்வர் நிறுவச் சொல்வது நகைப்புக்குரியது. அவருடைய விவரமும் அயல்நாட்டு நிறுவனத்துக்குச் செல்ல வேண்டியதில்லை என்றால், நிறுவனத்துக்கும் தனிவீட்டுக்கும் இடையே ஓர் அமைப்பு வேண்டும். ஒரு கல்லூரியின் கணினித் துறையோ, கூட்டுறவுச் சங்கமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ நூறு குடும்பங்களுக்காக ஒரு சர்வரை நடத்தலாம். குடும்பத்துக்கு மாதம் ஐம்பது ரூபாய் என்றாலும், பகுதிநேரப் பராமரிப்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபாய் கொடுத்துவிடலாம். என் மாணவரின் நான்கு மணி நேரம் ஒன்பது பேருக்குப் பதில் நூறு வீடுகளுக்குப் பகிரப்படும்போதுதான் கணக்கு கட்டுப்படியாகும். எலினார் ஆஸ்ட்ரம் நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளில் காட்டியதும், பொதுவளத்தை அரசோ சந்தையோ அல்லாத இத்தகைய சிறு குழுக்களும் விதி வகுத்துக்கொண்டு நெடுங்காலம் பேண முடியும் என்பதையே.

இங்குதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுக்குப் பொருந்தாது. முந்தைய வரைவுகளில் இருந்த, உடல்நலத் தரவைத் தனி வகையாகக் கருதிக் கூடுதல் காப்பளிக்கும் ஏற்பாடும் இச்சட்டத்தில் கைவிடப்பட்டுவிட்டது. விளைவாக, நூறு குடும்பங்களுக்கு லாபநோக்கின்றி சர்வர் நடத்தும் சங்கமும், கோடிக்கணக்கான பயனர்களைக் கொண்ட வணிகச் செயலியும் சட்டத்தின் முன் அநேகமாக ஒரே சுமையைத் தாங்க வேண்டியவை. பாதுகாப்புக் கடமையைத் தளர்த்தாமல், அறிவிப்பு உள்ளிட்ட சில நடைமுறைகளிலிருந்து மட்டும் குறிப்பிட்ட வகை அமைப்புகளுக்கு விலக்களிக்க 17-ஆவது பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. புத்தொழில் நிறுவனங்களை அப்பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. கூட்டுறவுச் சங்கங்களையும் கல்லூரிகளையும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஓர் அறிவிக்கை போதும்.