ஈடாகாத மாற்றுத் தட்டு

அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் படக் கம்பெனியார் 2025ஆம் வருஷத்தில் ஓர் அறிக்கை விடுத்தனர். 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டி.வி.டி. தட்டுகளில் சில பழுதானவை என்பது தங்களுக்குத் தெரியும். கூடியவரை அதே படத்தை மாற்றிக் கொடுக்கிறோம். பதிப்பு நின்றுபோயோ உரிமை தீர்ந்தோ இருப்பின், சமமதிப்புள்ள வேறு படம் கொடுக்கிறோம் என்பது அதன் சாரம். குறையை ஒப்புக்கொண்டமட்டில் கம்பெனியாரைப் பாராட்டுகிறோம். கடைசி வாசகத்தைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

டி.வி.டி. என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்வது. நடுவிலுள்ள மெல்லிய உலோகப் பூச்சு சிதைந்தால், மேலே ஒரு கீறலும் இராது. படம் மட்டும் பாதியில் நின்றுவிடும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவர் மீது இதில் என்ன குற்றம்? பிழை ஆலையில் நேர்ந்ததன்றோ!

யூனிவர்ஸல் கம்பெனியார் 2002இல் 'பேக் டு த ப்யூச்சர்' வரிசையை வெளியிட்டபோது, இரண்டாம் மூன்றாம் படங்களில் சில காட்சிகளின் ஓரங்கள் தவறாக வெட்டுண்டிருந்தன. திருத்திய தட்டுகளை அச்சிட்டு மாற்றிக் கொடுத்தனர். பிழை உடனே வெளிப்பட்டது; உரிமையும் கையிலிருந்தது. வார்னர் தட்டுகளின் பழுதோ பல ஆண்டுகள் கழிந்தே பலர் கண்ணுக்குப் புலனாயிற்று.

சமமதிப்பு என்கிறார்களே, அது யார் மதிப்பு? கடையில் வேறெங்கும் கிடையாத பழைய படத்தை இழந்தவருக்கு, எங்கும் கிடைக்கும் புதுப் படம் எப்படி ஈடாகும்? பழுதாகுமுன் தாமே பிரதி எடுத்துக்கொள்ளலாமென்றால், தட்டின் பூட்டைத் திறப்பதை 1998ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. மூன்றாண்டுக்கொருமுறை விலக்குகள் பரிசீலிக்கப்படுகின்றன. சந்தையில் கிடைக்காத படங்களின் சிதையும் தட்டுகளுக்குப் பிரதி எடுக்க நூல்நிலையங்களுக்கு 2021இல் விலக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வாங்கியவர் பலமுறை கேட்டும் பெறவில்லை. மாற்றித் தரக் கம்பெனியாரால் இயலாத இடத்தில், நூல்நிலையத்துக்குள்ள பாத்தியதையை அவருக்கும் அளிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? அவர் ஒருமுறை விலை கொடுத்தாயிற்று. 2024க்கு அடுத்த பரிசீலனையில் கேட்கவேண்டியது இதுவே.

அக்காலத்துத் தட்டுகள் வைத்திருக்கும் நேயர்கள் அவற்றை இப்பொழுதே முடிவுவரை ஓட்டிப் பார்ப்பது நலம். முதற் பத்து நிமிஷம் மட்டும் பார்த்து உள்ளே வைத்துவிடலாகாது.