உளியைக் கீழே வைத்தவர்கள்



நவம்பர் 8 ஆம் நாள், கல்தச்சர்களின் பாதுகாவலர்களாகிய ‘முடிசூடிய நால்வரின்’ திருநாள். அப்பெயரில் இருவேறு இரத்தசாட்சிகளின் சரிதைகள் கலந்துள்ளன. அவற்றுள் ஒன்று சிற்பிகளுடையது.

பாரம்பரியத்தின்படி அவர்கள் பன்னோனியாவின் கற்சுரங்கங்களில் தியோக்கிளேசியன் பேரரசனுக்குப் பணிசெய்தவர்கள். தூண்களைத் திறம்படச் செதுக்கினார்கள். எஸ்குலாப்பியஸ் தெய்வத்தின் சிலையைச் செய்யக் கட்டளை பிறந்தபோதோ மறுத்தார்கள். ஈயப் பெட்டிகளில் உயிரோடு அடைக்கப்பட்டு ஆற்றில் எறியப்பட்டார்கள்.

15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புளோரன்ஸ் நகரின் கல், மரவேலைக்காரர் சங்கம் நன்னி டி பாங்கோ என்னும் சிற்பியைக் கொண்டு ஓர்சான்மிக்கேலே ஆலயச் சுவரில் இவர்களுக்குச் சிலை அமைத்தது. அழகிய படைப்பே. ஆயினும், சிலை செய்ய மறுத்து மரித்தவர்களுக்குச் சிலைதானா கைம்மாறு?

‘அவர்களைக் கனப்படுத்துவது தவறா?’ என்பீர்கள். தவறன்று. ஆனால் தொழில் செழிக்க அவர்களிடம் வேண்டுவது அவர்களுடைய சாட்சியைத் தலைகீழாக்குவதாகும். தொழிலே பெரிதென்று எண்ணியிருந்தால் அவர்கள் மரித்தே இருக்கமாட்டார்கள்!

அப்போஸ்தலர் 19 ஆம் அதிகாரத்தின் தட்டானாகிய தெமேத்திரியுவை நினையுங்கள். பிழைப்புக்காகத் தியானாளின் கோவிலைக் காக்க அவன் எழும்பினான். சிற்பிகளோ தேவனுக்காகப் பிழைப்பையும் உயிரையும் விட்டார்கள்.

இதைக் கொண்டு பிறரை நியாயந்தீர்க்க விரையாதீர்கள். விக்கிரகம் செதுக்காத நாம், முதலாளி சொன்னார் என்று பொய்க்கணக்கு எழுதவில்லையா? கலப்படத்துக்குக் கை கொடுக்கவில்லையா? ‘வேலை வேறு, விசுவாசம் வேறு’ என்று மனச்சாட்சியை உறங்கவைக்கவில்லையா?

இவ்வாரம் உங்கள் கைகளை நோக்குங்கள். அவை எதைச் செய்ய மறுத்தன என்பதையும் கர்த்தர் கேட்பார். ஆமென்.