எத்தனை மணிக்கு அங்கே இருந்தார்கள்?

மதிப்பிற்குரிய கேரள மீன்வளத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

பாறசாலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கடலில் அந்த எல்லைக்கோடு கிடையாது. கேரளத்துப் பொழியூர்க்காரரும் தமிழ்நாட்டு நீரோடிக்காரரும் அடுத்தடுத்துத்தான் தொழில் செய்கிறார்கள். ஒருவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் மற்றவர்தான் முதலில் கேட்பார்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த போட்டுகளுக்குக் கரையின் வயர்லெஸ் எட்டவில்லை. அதன்பின் கருவிகளுக்குக் குறைவில்லை. நாவிக் செய்திப்பெட்டி வந்தது, 2019 அக்டோபரில் ஜெமினி கருவி வந்தது. இரண்டும் செய்தியை வாங்கும், திருப்பிச் சொல்லாது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தின் டிரான்ஸ்பாண்டர் செய்தியை வாங்கவும் செய்யும், திருப்பிச் சொல்லவும் செய்யும். ஒரு லட்சம் படகுகளுக்கு என்கிறார்கள். நல்லது. ஆனால் பக்கத்து வள்ளத்தைக் கூப்பிட இன்றும் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டுதான் கைகொடுக்கிறது. என் வேண்டுகோள் அதைப் பற்றியது.

புதிய செட்டுகளில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பிடித்தால், 70ஆம் சேனலில் வள்ளத்தின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இருப்பிடமும் அந்த இருப்பிடத்துக்குரிய நேரமும் நொடிப்பொழுதில் போய்விடும். இருப்பிடத்தைச் செட்டு தானாக அறியாது, ஜி.பி.எஸ். கொடுக்க வேண்டும். நம் வள்ளங்களில் பலவற்றில் இரண்டும் தனித்தனிப் பெட்டிகள், நடுவே இருக்க வேண்டிய ஒயர் இருப்பதில்லை. அப்போது இருப்பிடத்துக்குப் பதிலாகப் பத்து ஒன்பதுகள் போகும், நேரத்துக்குப் பதிலாக நான்கு எட்டுகள். தேடுகிறவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

ஒயர் இருந்தும் ஜி.பி.எஸ். சமிக்ஞை அறுந்தால் வேறு சிக்கல். ஜி.பி.எஸ். அனுப்பும் இருப்பிட வரிகளில் அது செல்லுமா செல்லாதா என்று ஒரு குறி உண்டு. செல்லாது என்று வந்தால், செட்டு கடைசியாகக் கிடைத்த நல்ல இருப்பிடத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. 4 மணி நேரம் பழசானால் எச்சரிக்கும், 23½ மணி நேரம் ஆனால் அழித்துவிடும். பன்னாட்டு விதி இது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின் நின்ற வள்ளம் நீரோட்டத்தில் மணிக்கு 2 கடல் மைல் இழுபட்டால், அந்த 23½ மணி நேரத்தில் 47 கடல் மைல், அதாவது 87 கிலோமீட்டர் போயிருக்கும். பாறசாலையிலிருந்து கொல்லத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவு தூரம். திரையில் எண்கள் மட்டும் தெளிவாக நிற்கும். சில செட்டுகளில் மினுக்கும் கேள்விக்குறிக்கு என்ன பொருள் என்று தெரியாதவர் அதையே நம்பிக் கரைக்குச் சொல்வார்.

சமிக்ஞை போவது பழுதால் மட்டுமல்ல. 2025 ஜூனில் ஹோர்முஸ் நீரிணையருகே அதை வேண்டுமென்றே குலைத்ததில், நூற்றுக்கணக்கான கப்பல்கள் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டின. நம் கரையிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே, செட்டு கொடுக்கும் அன்றே ஜி.பி.எஸ்.ஸோடு இணைத்து, அடையாள எண்ணைப் பதிந்து கொடுக்கச் சொல்லுங்கள். இணைக்க வழியில்லாத வள்ளத்தில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தைக் கையால் போடப் பழக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "அது எத்தனை மணிக்குப் பார்த்தது?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. அலுவலகங்கள் இதைத் தள்ளிப்போடுவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

விளக்கத்தாள் மலையாளத்தோடு தமிழிலும் இருக்கட்டும். பயிற்சியைப் பொழியூரில் வைத்தால் நீரோடியிலிருந்தும் ஆட்கள் நடந்தே வருவார்கள். அவர்களுடைய வள்ளத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் இருக்கிறதென்று திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
எல்லையோரவாசி ஒருவர்