எழுத்துக்கு இரண்டு விலையா?

அமெரிக்க மோட்டார்த் தொழில் 2008இல் வீழ்ந்த கதையைச் சொல்வோர் பலர், பழி முழுவதையும் தொழிலாளி தலையிலேயே சுமத்துகின்றனர். அவன் மணிக்கு எழுபது டொலர் வாங்கினானாம். அதனாற் கம்பனிகள் முறிந்தனவாம்! இது கணக்கன்று, கண்கட்டு வித்தை. இளைப்பாறியோரின் ஓய்வூதியத்தையும் வைத்தியச் செலவையும் கூட்டி, வேலையிலிருப்போரின் மணிகளால் வகுத்துப் பெற்ற தொகையே அது. பழைய தொழிலாளி கையிற் பெற்ற கூலி ஏறக்குறைய 28 டொலரே. 2007ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி புதிதாகச் சேர்ந்தோர் பலருக்கு அதிற் பாதிதான்.

ஓய்வூதியம் முதலாளியின் கொடையா? அன்று. இன்று தரவேண்டிய கூலியில் ஒரு பங்கை நாளை தருவதாக எழுதிக்கொடுத்த கடன் அது. விதைநெல்லைக் கடனாக வாங்கி விதைத்தவன், அறுவடைக் காலத்தில், கொடுத்தவனையே பேராசைக்காரன் என ஏசினால் ஊர் ஒப்புமா?

உதவி மசோதா செனற் சபையில் முடங்கியபின், 2008 டிசம்பரில் ஜனாதிபதி புஷ், ஜெனரல் மோட்டர்ஸுக்கும் கிறைஸ்லருக்கும் 1,740 கோடி டொலர் கடன் அறிவித்தார். அதனுடன் வந்த நிபந்தனைகள் யாவை? கூலி, அந்நாட்டிலுள்ள ஜப்பானியத் தொழிற்சாலைகளின் அளவுக்கு இறங்கவேண்டும். இளைப்பாறியோரின் வைத்திய நிதிக்குரிய பணத்திற் பாதியைப் பங்குகளாக ஏற்கவேண்டும். முதியவரின் மருந்து பங்குச் சந்தையின் ஏற்றத்தாழ்வில் தொங்கியது!

மூன்று மாதம் கழிந்தது. பொதுப்பணத்தால் உயிர்தப்பிய ஏ.ஐ.ஜி. காப்புறுதிக் கம்பனி, தன்னைக் கவிழ்த்த பிரிவின் உத்தியோகத்தருக்கே 16.5 கோடி டொலர் வெகுமதி வழங்கியது. நாடு கொதித்தது. அதற்குச் சொல்லப்பட்ட சமாதானமோ, ஒப்பந்தத்தை மீறச் சட்டம் இடந்தராது என்பது!

சட்டம் பயின்ற நாம் கேட்கின்றோம்: தொழிலாளி கையொப்பமிட்டதும் ஒப்பந்தமன்றோ? முறிந்த கம்பனிக்குக் கடன்கொடுத்தோர் யாவரும் நட்டத்திற் பங்கேற்றல் முறையே. அரச உதவியையும் நாம் பழிக்கவில்லை. அது பல்லாயிரம் வீடுகளின் அடுப்பை அணையாது காத்தது. ஆயின் உருக்குப் பட்டறைக்கு ஒரு தராசு, காசுக் கடைக்கு இன்னொரு தராசு என்பதை நீதியென ஏற்கமாட்டோம்.

2009இல் விட்டுக்கொடுத்த வாழ்க்கைச் செலவுப் படியை மீட்கத் தொழிலாளர் 2023இல் ஆறு கிழமைக்கு மேல் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. வெகுமதி பெற்றோருக்கோ அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை. பொதுப்பணம் புகும் இடத்திற் பொது நீதியும் புகவேண்டும். எழுதிய எழுத்து ஏழைக்கு அழியுமாயின், செல்வருக்கும் அழியட்டும்; செல்வருக்கு நிற்குமாயின், ஏழைக்கும் நிற்கட்டும்!