பழைய கார்: டீசலா, பெட்ரோலா?

கடமலைக்குண்டு வட்டாரத்து அங்கத்தினர் சிலர், தேங்காய் விற்ற பணத்தோடு கடனும் சேர்த்துப் பழைய கார் வாங்க உத்தேசிக்கின்றனர். டீசல் வண்டியே லாபம் என்பது அவர்கள் அபிப்பிராயம். ஒரு காலத்தில் அது சரியே. அரசாங்கம் டீசல் விலையைக் குறைத்து வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கிற்று. இரண்டின் விலையும் நெருங்கிவிட்ட பின்னரும், நம்மவர் மனத்தில் பழைய விலையே நிற்கிறது.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றும், பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் வண்டி 20 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 2 ரூபாய். சந்தைக்கும் கலியாணத்துக்குமாக மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆண்டில் 12,000 ரூபாய் மிஞ்சும். டீசல் வண்டிக்கென்று ஒரு லட்சம் அதிகம் கொடுத்திருந்தால், அது திரும்ப எட்டாண்டுக்கு மேலாகும். இடையில் இன்ஜெக்டர் பழுதானால் மிச்சம் மெக்கானிக்கைச் சேரும். கடன் வட்டியை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை!

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அக்கரி எரியும். வருசநாட்டுப் பாதையில் தினமும் சிறிது தூரமே ஊர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

சேலை வியாபார நிமித்தம் சக்கம்பட்டியிலிருந்து மாதம் 2,000 கிலோமீட்டர் சுற்றும் நெசவாளருக்கு டீசல் தகும். அந்த ஒரு லட்சம் ஈராண்டில் திரும்பிவிடும். மற்றவர்க்குப் பெட்ரோலே போதும் என்பது நமது கருத்து. எதை வாங்கினாலும், மீட்டரை மாத்திரம் நம்பாமல், சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.